குண்டு வைப்பவன் வீட்டுக்குள் ஒரு நடிகை: லெ காரேயின் 1983 நாவல் (கதை முழுக்க வெளியாகும், படிக்காதவர்கள் உஷார்)

மலைக்கோட்டை ரவி எழுதியது:

ஜான் லெ காரே என்றாலே நம் ஆட்கள் பெர்லின் சுவர், பனிப்போர், மழைக்கோட்டு மாட்டிய கிழட்டு உளவாளிகள் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்த வரிசையில் வராத ஒன்று: 'தி லிட்டில் டிரம்மர் கேர்ள்'. இதில் ரஷ்யாக்காரர்களோடு மல்லுக்கட்டு கிடையாது. ஐரோப்பாவில் இஸ்ரேலியர்களையும் யூதர்களையும் குறிவைத்துக் குண்டு வைக்கும் ஒரு பாலஸ்தீனக் குழுவுக்குள், இஸ்ரேலிய உளவுத் துறை ஒரு ஆங்கிலேய நடிகையை நுழைக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மேற்கு ஜெர்மனியின் தலைநகர் அப்போது பான். அதன் தூதரகப் பகுதியான பாட் கோடஸ்பெர்கில், இஸ்ரேலியத் தூதரக அதிகாரி ஒருவரின் வீட்டில் ஒரு சூட்கேஸ் வெடிக்கிறது. குண்டு செய்தவன் கலீல். அவன் முகம் யாருக்கும் தெரியாது, எங்கே இருப்பான் என்றும் தெரியாது. அவன் தம்பி மட்டும் மிஷெல் என்ற பெயரில் ஐரோப்பாவில் சுற்றுகிறான். வேகக் கார், பெண் சகவாசம் என்று கொஞ்சம் ஊதாரி. இஸ்ரேலிய அணித் தலைவர் குர்ட்ஸ் அந்தத் தம்பியைத் தூக்கிவந்து மியூனிக்கில் ஒரு வீட்டில் அடைத்து வைக்கிறார். அப்புறம்தான் விஷயம். இந்த மிஷெலுக்கு சார்லி என்று ஒரு ஆங்கிலக் காதலி இருந்தாள் என்று அவர்கள் ஜோடிக்கத் தொடங்குகிறார்கள். நிஜத்தில் மிஷெலும் சார்லியும் பழகியதே இல்லை.

சார்லி எதிரிக் கூடாரத்துக்குள் கால் வைப்பதற்குள் புத்தகத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பகுதிதான் நாவலே. மற்ற உளவு நாவல்களில் ஊடுருவல் என்றால் ஒட்டுத்தாடி, போலி பாஸ்போர்ட், இரண்டு அத்தியாயத்தில் ஆள் உள்ளே. இங்கே ஒரு காதல் முழுசாகத் தயாரிக்கப்படுகிறது. எங்கே சந்தித்தார்கள், எந்த ஓட்டலில் தங்கினார்கள், அவன் என்ன பூ அனுப்பினான், சண்டை எதற்கு வந்தது, எல்லாம். மிஷெல் வேடத்தில் நடித்துக் காட்டுபவன் காடி பெக்கர் என்ற இஸ்ரேலிய ஏஜெண்ட். சார்லி அவனை ஜோசப் என்றுதான் கூப்பிடுவாள்.

கடிதங்கள் வரும் பகுதியை மட்டுமாவது படியுங்கள். மிஷெலும் சார்லியும் ஒருவருக்கொருவர் எழுதிய காதல் கடிதங்கள் வேண்டும். லியோன் என்ற இளைஞன் வாசகத்தை எழுதுகிறான். மிஸ் பாக் என்ற பெண் உட்கார்ந்து அதைத் திருத்துகிறாள். கள்ளக் கையெழுத்தில் கைதேர்ந்த ஷ்விலி என்ற கிழவர், இருவர் கையெழுத்திலும் அச்சாக எழுதித் தருகிறார். காதலுக்கு ஒரு ஆசிரியர் குழு! சார்லி தன் கையெழுத்திலேயே, தான் எழுதாத கடிதத்தைப் படிக்கிறாள். அந்தக் கடிதத்தில் உள்ள பெண் தன்னைவிட நன்றாக எழுதுகிறாளே என்று நமக்கே தோன்றிவிடும்.

படித்தவர்கள் வாருங்கள், பேசுவோம்.

சும்மா சுந்தர் எழுதியது:

ரவி சார், நான் இதில் கிரீஸ் வரைக்கும் போய் அங்கேயே இறங்கிவிட்டேன். மைக்கோனோஸ் தீவுக் கடற்கரையில் ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து புத்தகம் படிக்கிறான். சார்லியும் அவள் நண்பர்களும் அவனைப் பற்றியே பேசுகிறார்கள். அவன் இவர்களைக் கண்டுகொள்வதே இல்லை. இதற்கு எத்தனை பக்கம்! மாத நாவலாக இருந்தால் அந்த நேரத்தில் மூன்று கொலை முடிந்து நான்காவதுக்குத் துப்பு கிடைத்திருக்கும்.

மலைக்கோட்டை ரவி எழுதியது:

சுந்தர், அந்தக் கடற்கரையைத்தான் நான் மாணவர்களுக்குப் பாடமாக வைப்பேன். அவன் ஏன் அவளைக் கண்டுகொள்ளவில்லை? அவள்தான் அவனைத் தேர்ந்தெடுத்தாள் என்று அவள் நம்ப வேண்டும். இங்கிலாந்தில் அவள் நடித்த ஊர்களில் எல்லாம் அரங்கில் ஒரு முகம் தெரிந்திருக்கிறது. அதே முகம் இப்போது கிரேக்கத் தீவில். அவன் வலிய வந்து பேசியிருந்தால் அவள் அரை மணி நேரத்தில் உதறியிருப்பாள். வராமல் இருந்ததால் அவளே எழுந்து போகிறாள். பிற்பாடு கலீல் குழுவிடம் அவளைச் சேர்ப்பதும் இதே முறையில்தான். அவள் யாரையும் தேடிப் போகமாட்டாள். காதலன் மிஷெல் செத்துப்போன துக்கத்தில் இருக்கும் பெண்ணை அவர்களே தேடி வருவார்கள். முன்னால் பொறுமையாக உட்காராதவர்களுக்கு இந்த ஒற்றுமை கண்ணில் படாது.

ஒப்பனை அறை எழுதியது:

ரவி அண்ணா, நான் கொஞ்ச காலம் நாடகத்தில் இருந்தவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சார்லியைத் தேர்ந்தெடுத்தது அவள் நல்ல நடிகை என்பதற்காக என்று பின்னட்டையில் போட்டிருப்பார்கள். நாவல் அப்படிச் சொல்லவில்லை. ஏதென்ஸ் வீட்டில் குர்ட்ஸ் அவளை உட்காரவைத்து விடிய விடியக் கேள்வி கேட்கும் இடத்தைப் பாருங்கள். அப்பா ஜெயிலுக்குப் போனார், வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்தார்கள், அதனால்தான் நான் இடதுசாரியானேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வந்த கதை ஒன்று உண்டு. குர்ட்ஸ் அதைக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று காட்டிவிடுகிறார். ஜெயில் கட்டுக்கதை. அவளுக்கு அவமானம். நாமாக இருந்தால் பொய்க்காரி என்று துரத்தியிருப்போம். குர்ட்ஸுக்கோ அந்தப் பொய்தான் தகுதிச் சான்றிதழ். தானே கட்டிய கதையை வருஷக்கணக்காக நம்பி, அதற்காகக் கோபப்பட்டு, அதற்காக ஊர்வலம் போய் வாழத் தெரிந்தவள். அவளுக்கு இன்னொரு கதையைக் கொடுத்தால் போதும்.

ஒரு நடிகையாக எனக்கு அதில் உடன்பாடில்லாத இடமும் உண்டு. மேடையில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது நாடகம் என்று தெரியும். அந்த ஒப்பந்தம்தான் நடிகருக்குப் பாதுகாப்பு. தப்பாகப் போனாலும் திரை விழும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். பின்னால் அவள் போய்ச் சேரும் லெபனான் பாலஸ்தீன முகாமில் எதிரே இருப்பவர்களுக்கு இது நாடகம் என்று தெரிந்த நிமிடமே அவள் பிணம். இந்த இரண்டையும் ஒரே தொழில் என்று குர்ட்ஸ் அவளிடம் விற்கிறார். அவள் வாங்கிக்கொள்கிறாள். நாவலாசிரியரும் அதை முழுசாக நம்புகிறாரோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அவருடைய அப்பாவின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த தங்கை ஷார்லட் கார்ன்வெல் நிஜத்தில் நடிகை, சார்லிக்கு மூலம் அவர்தான். தங்கையை மேடையில் பார்த்த அண்ணனின் பிரமிப்பு கொஞ்சம் அதிகமாகவே கலந்திருக்கிறது.

பழைய பேப்பர் எழுதியது:

நல்ல இழை. நான் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன்.

நாவலாக எல்லாம் சரி. நிஜ உலகில் இப்படி வெளியாளை உள்ளே அனுப்பி ஒரு தீவிரவாத அமைப்பின் உச்சி வரைக்கும் கொண்டுபோவது மிக அபூர்வம். உளவுத் துறைகள் வழக்கமாகச் செய்வது, ஏற்கெனவே உள்ளே இருப்பவனை விலைக்கு வாங்குவது, இல்லை மிரட்டி வளைப்பது.

ரஷ்யாவின் அஸெஃப் கதையைப் பாருங்கள். 1893இலிருந்தே ஜார் மன்னரின் ரகசியப் போலீசுக்குத் தகவல் விற்றவன். 1903இல் சோஷலிசப் புரட்சியாளர் கட்சியின் கொலைப்படைக்கே தலைவனாகிவிட்டான். ஒரு பக்கம் தோழர்களைக் காட்டிக்கொடுத்தான், மறு பக்கம் தனக்குச் சம்பளம் கொடுத்த உள்துறை அமைச்சர் பிளேவேயையே 1904இல் கொல்ல ஏற்பாடு செய்தான். அடுத்த வருஷம் ஜாரின் சித்தப்பா செர்கெய் கோமகன். பூர்ட்செவ் என்ற பத்திரிகையாளர் விடாமல் துருவித்தான் அவனை அம்பலப்படுத்தினார். அவன் யாருக்காக வேலை செய்தான் என்ற கேள்விக்கு இன்றும் ஒரே பதில் கிடையாது. தனக்காக என்பதுதான் என் கட்சி.

இன்னொன்று பெல்ஃபாஸ்ட். வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐரிஷ் குடியரசுப் படைக்குள் (ஐஆர்ஏ) துரோகிகளைப் பிடித்து விசாரிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அந்தப் பிரிவில் முக்கியமாக இருந்தவனே பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆள், 'ஸ்டேக்நைஃப்' என்பது சங்கேதப் பெயர். துரோகியைப் பிடிக்க வேண்டியவனே துரோகி! அவனைக் காப்பாற்ற வேண்டுமே என்று கண் முன்னால் நடந்த கொலைகளை அரசு பார்த்துக்கொண்டிருந்ததா என்று விசாரிக்க ஆபரேஷன் கெனோவா என்று ஒரு போலீஸ் விசாரணை வருஷக்கணக்கில் நடந்தது. அதன் இடைக்கால அறிக்கை 2024 மார்ச்சில் வந்தது. அந்த ஏஜெண்டால் காப்பாற்றப்பட்ட உயிர்களைவிடப் போன உயிர்களே அதிகமாக இருக்கும் என்கிறது.

இதெல்லாம் உள்ளிருந்து வளைக்கப்பட்டவர்கள். சார்லி மாதிரி நாடகக்காரப் பெண் வந்து தலைவனின் படுக்கையறை வரை போவது கற்பனைக்கு அழகு, அவ்வளவுதான்.

மலைக்கோட்டை ரவி எழுதியது:

பேப்பர் சார், நீங்கள் சொன்ன இரண்டும் கனமான உதாரணங்கள். ஆனால் லெ காரேவுக்கும் இது தெரியும். அவரே பிரிட்டிஷ் உளவுத் துறையில் இருந்தவர். அதனால்தான் குர்ட்ஸ் முதலில் உள்ளே இருக்கும் ஆளைத்தான் பிடிக்கிறார், தம்பியை. அவனை வளைக்க முடியாது, வளைத்து அனுப்பினால் அண்ணன் கண்டுபிடித்துவிடுவான். சரி, அவனுடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டு அதில் ஒரு ஆளைச் செருகுவோம் என்கிறார். கலீல் கட்சிக்காரனை நம்பமாட்டான், ரத்த உறவை நம்புவான். செத்துப்போன தம்பியின் காதலி என்றால் முக்கால் வாசி ரத்த உறவு. பூட்டு எங்கே இல்லையோ அங்கே பார்த்து வாசல் வைக்கிறார்கள்.

இன்னொன்று, உள்ளே இருப்பவனை வளைப்பது பத்திரமானது என்று யார் சொன்னது? 2009 டிசம்பர் 30, ஆப்கானிஸ்தானின் கோஸ்ட். ஹுமாம் அல்-பலாவி என்ற ஜோர்டான் டாக்டர். இணையத்தில் ஜிஹாதி கட்டுரைகள் எழுதியவர். ஜோர்டான் உளவுத் துறை பிடித்து, வளைத்துவிட்டோம் என்று நம்பி, அல்-காய்தாவுக்குள் அனுப்பியது. பெரிய தலை ஒன்றைப் பற்றித் தகவல் கொண்டுவருகிறார் என்று சிஐஏ முகாமில் வரவேற்புக்குத் திரண்டு நின்றார்கள். வாசலில் சோதனைகூடப் போடவில்லை. உடம்பில் கட்டிய குண்டோடு வந்தார். சிஐஏ தரப்பில் ஏழு பேர், ஜோர்டான் அதிகாரி ஒருவர், ஆப்கன் டிரைவர் ஒருவர். வளைந்தவன் எந்தப் பக்கம் வளைந்தான் என்று வெளியே இருந்து தெரியாது. குர்ட்ஸின் பயம் அதுதான். சார்லி மிஷெலுக்காக அழும்போது அது நடிப்பா, நிஜமா? ஜோசப்பே ஒரு கட்டத்துக்கு மேல் நிச்சயமாகச் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிடுகிறான்.

பழைய பேப்பர் எழுதியது:

பலாவி நல்ல எதிர்வாதம். ஆனாலும் அது என் கட்சிக்கும் சாட்சி சொல்லுமே. அவனும் உள்ளே இருந்து வந்தவன்தான். வெளியாள் உள்ளே போன உதாரணம் கொடுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

நானே அருகில் வரும் ஒன்றைச் சொல்கிறேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் இஸ்ரேலிய அணியினர் கொல்லப்பட்டதற்குச் சூத்திரதாரி என்று இஸ்ரேல் நம்பிய அலி ஹசன் சலாமே. 1979 ஜனவரியில் பெய்ரூட்டில் கார் குண்டில் கொன்றார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் வந்த ஒரு பெண், அவன் போகிற வழியில் வீடு எடுத்து, ஜன்னலோரம் ஓவியம் வரைந்துகொண்டு, தெருப் பூனைகளுக்குச் சோறு வைத்துக்கொண்டு, அவன் கார் எப்போது போகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் அமைப்புக்குள் போகவில்லை, மாடியில் இருந்து பார்த்தாள். அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1973இல் அதே சலாமே என்று நினைத்து நார்வேயின் லில்லஹாமரில் ஒரு மொராக்கோ சர்வரைச் சுட்டுக் கொன்ற கூத்தும் நடந்தது. அடையாளம் தெரியாத கலீலைத் தேடி நாவலில் இவ்வளவு பாடு படுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்த லில்லஹாமர்தான் பதில்.

சும்மா சுந்தர் எழுதியது:

இதைப் பின்னட்டையில் போட்டிருந்தால் நான் கிரீஸைத் தாண்டியிருப்பேன் சார்.

கீதா, கோவை எழுதியது:

எல்லோரும் உளவுத் தந்திரத்தையே பேசுகிறீர்கள். எனக்குப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது வேறு.

சார்லியின் கடிதங்களை ஒரு குழு எழுதுகிறது, அவள் எந்த மாதிரிக் காதலி என்று ஒரு ஆண் தீர்மானிக்கிறார், அவளை எவன் தொட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். அவளுக்கு நிஜமாகவே பிடித்திருப்பது ஜோசப்பை. அவன் மிஷெலாக நடிக்கிறான். அதாவது அவள் ஆசைப்பட்டவனே, இன்னொருவனைக் காதலிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அவளுடைய ஆசைதான் அவர்கள் பிடித்து ஆட்டும் கயிறு. நாவல் இதை விமர்சிக்கிறதா, ரசிக்கிறதா என்று எனக்குப் பல இடங்களில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சார்லி எதிர்த்துப் பேசுகிறாள், கத்துகிறாள், நையாண்டி செய்கிறாள், சரி. ஆனால் அவள் தலைக்குள் நாம் இருக்கும்போதுகூட ஒரு ஆண் வந்து அவளை விளக்கிக்கொண்டே இருக்கிறான்.

இது கற்பனை இல்லை என்பதும் இப்போது தெரிந்த கதை. இங்கிலாந்தில் சுற்றுச்சூழல், இடதுசாரிக் குழுக்களுக்குள் போலீஸ்காரர்கள் பொய்ப் பெயரில் போய், அங்கிருந்த பெண்களோடு வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். ஒருவன் 2010 வாக்கில் மாட்டிக்கொண்ட பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 2015இல் லண்டன் போலீஸ் அந்தப் பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அவர்கள் தீவிரவாதிகள்கூட இல்லை, மரம் வெட்டக் கூடாது என்றவர்கள். அந்தப் பெண்கள் கேட்ட கேள்வியைத்தான் சார்லியும் கேட்கிறாள்: என்னோடு இருந்தவன் யார்?

ஒப்பனை அறை எழுதியது:

கீதா அக்கா, ஒரே ஒரு இடம் உங்களுக்கு எதிராகச் சொல்லலாமா? வெடிமருந்து நிரப்பிய மெர்சிடிஸை கிரீஸிலிருந்து யூகோஸ்லாவியா வழியாக ஆஸ்திரியாவுக்கு அவள் தனியாக ஓட்டிக்கொண்டு போவது. மிஷெலுக்காக அவள் அதைச் செய்தாள் என்று பின்னால் விசாரித்தால் தெரிய வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பயணம். அந்த நேரத்தில் அவளுக்கு யார் மேலும் காதல் இல்லை, யாருடைய குரலும் கொஞ்ச நேரத்துக்கு மேல் தலைக்குள் ஓடவில்லை. பயமும், எல்லைச் சாவடியும், தன் வேலையைத் தான் சரியாகச் செய்கிறோம் என்ற கிறக்கமும். அந்தக் கிறக்கம் அவளுடையது. அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

கீதா, கோவை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், அந்த அத்தியாயம் அவளுடையது. ஆனால் அந்தக் கிறக்கம் வரும் என்று கணக்குப் போட்டுத்தானே அனுப்பினார்கள்?

தோழர் குமரன் எழுதியது:

நான் வேறு சண்டைக்கு வருகிறேன்.

இதை நடுநிலை நாவல் என்று எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் பாருங்கள். குர்ட்ஸுக்கு நகைச்சுவை, களைப்பு, மனச்சாட்சி, அலுவலகத்து மேலதிகாரியோடு சண்டை எல்லாம் கொடுத்திருக்கிறார். ஜோசப்புக்கு ஆத்ம விசாரம். கலீல் எப்போது வருகிறான்? புத்தகம் முடியப் போகும்போது. வந்து, கொஞ்சம் பேசி, செத்துப்போகிறான். மிஷெல் பெரும்பாலும் ஒரு கைதி, அப்புறம் பிணம். பாலஸ்தீனர்களின் நியாயத்தை நாவலில் அதிகம் பேசுவது யார்? மிஷெல் வேடம் போட்ட இஸ்ரேலியன்! டெல்பியிலும் ஏதென்ஸிலும் ஜோசப் பேசுவதுதான் நாவலின் உருக்கமான பாலஸ்தீனப் பேச்சு. அவர்கள் குரலையும் அவர்களிடமிருந்து கடன் வாங்கிவிட்டார்கள்.

மலைக்கோட்டை ரவி எழுதியது:

குமரன், நீங்கள் குறையாகச் சொன்னதுதான் எனக்கு நாவலின் மிகத் துணிச்சலான இடம். எதிரிக்காகப் பேச வேண்டியவன் எதிரியை நன்றாகக் கற்றிருக்க வேண்டும். மிஷெலாகப் பேசிப் பேசி ஜோசப்புக்கு அந்தப் பேச்சு உள்ளே இறங்கிவிடுகிறது. கடைசியில் அவன் தன் நாட்டின் மேலேயே கேள்வி கேட்கும் ஆளாகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

நாவல் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1970இல் ஜெர்மன் செம்படைப் பிரிவு என்ற இடதுசாரித் தீவிரவாதக் குழுவின் ஆட்கள் ஜோர்டானில் பாலஸ்தீன முகாமில் பயிற்சி எடுத்தார்கள். 1976 என்டெபே விமானக் கடத்தலில் இரண்டு ஜெர்மானியர்கள் இருந்தார்கள். 1977இல் கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானம் சோமாலியாவின் மொகடிஷு வரை போனது. அப்போது மேற்கத்திய வாசகனுக்குப் பாலஸ்தீனன் என்றால் முகமூடி போட்ட ஒருத்தன், அவ்வளவுதான். லெ காரே லெபனானுக்குப் போய் முகாம்களைப் பார்த்தார், பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அராஃபத்தைச் சந்தித்தார், இஸ்ரேலுக்கும் போய் அங்கிருந்த உளவுத் துறைப் பெரியவர்களிடம் பேசினார். இரண்டு பக்கத்தையும் நேரில் கேட்டு எழுதியதாலேயே, இஸ்ரேலுக்கு எதிரானவர் என்ற பெயரும் சிலரிடம் வாங்கிக்கொண்டார்.

தோழர் குமரன் எழுதியது:

முகாமைப் பார்த்தார், நன்றாகவும் எழுதினார். லெபனான் அத்தியாயங்களில் எனக்குக் குறை இல்லை. கேப்டன் தாயேவை மறக்க முடியாது. சார்லியைப் பெய்ரூட்டில் வைத்து விசாரிப்பவர். வெளிநாட்டிலிருந்து புரட்சி செய்ய வரும் வெள்ளைக்கார இளைஞர்கள் மேல் அவருக்கு இருக்கும் சலிப்பு அசல். அப்புறம் அந்த ஸ்காட்லாந்து யார்டு போலீஸ் அதிகாரி பிக்டன். பாலஸ்தீனம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது அங்கே வேலை பார்த்தவர். குர்ட்ஸ் லண்டன் வந்து அவரோடு பேசும் காட்சியில் பழைய எஜமானனும் பழைய கைதியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தச் சண்டைக்கு விதை போட்ட மூன்றாவது ஆளும் அறையில் இருக்கிறான் என்று ஒரு வரி பிரசங்கம் இல்லாமல் காட்டிவிடுகிறார். இதையெல்லாம் மறுக்கவில்லை. கலீலுக்கு இன்னும் நாற்பது பக்கம் கொடுத்திருக்கலாம் என்கிறேன்.

ஒப்பனை அறை எழுதியது:

நாற்பது பக்கம் கொடுத்தால் அந்தக் கடைசி இரவு கெட்டுவிடும் தோழர். ஜெர்மனியில் ஒரு வீடு. ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மிங்கெலுக்குக் குண்டு வைத்தாயிற்று (அதை இஸ்ரேலியர்கள் மாற்றிவிட்டார்கள், அது அவனுக்குத் தெரியாது). கலீலும் சார்லியும் தனியாக. அவளிடம் ஒரு கடிகார ரேடியோ இருக்கிறது, அதன் வழியாகத்தான் ஜோசப்புக்கு சமிக்ஞை போக வேண்டும்.

கலீலுக்குச் சந்தேகம் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். அவள் முகத்திலிருந்தோ பேச்சிலிருந்தோ வரவில்லை. வெளியே ரொம்ப அமைதியாக இருக்கிறது. கார் சத்தம் இல்லை. வேட்டையாடப்பட்டே வளர்ந்தவனுக்கு அந்த அமைதி காதில் விழுகிறது. அப்புறம் ரேடியோவில் பேட்டரி இல்லாதது கண்ணில் படுகிறது. அவன் கத்தவில்லை, அடிக்கவில்லை. நீ யார் என்று தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்கிறான். இத்தனை மாதம் ஒத்திகை பார்த்த காதலியிடம் அதற்கு வசனம் இல்லை. அந்தக் குழு எழுதிய அத்தனை கடிதத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதப்படவில்லை. அப்புறம் ஜோசப் உள்ளே வந்து சுடுகிறான். நான் இவ்வளவு வருஷம் பார்த்த எந்த நாடகத்திலும் வசனம் மறந்த நிமிடத்தை இப்படி யாரும் எழுதவில்லை.

பழைய பேப்பர் எழுதியது:

இதற்கு மேல் சண்டை போடுவது கஷ்டம்தான். ஆனால் ஒரு சேதி. காதலன் சூட்கேஸ் கொடுத்தனுப்பும் தந்திரம் நாவலில் வந்தபோது மிகையாகத் தோன்றியிருக்கலாம். 1972இல் ரோமில் இரண்டு ஆங்கிலப் பெண்களுக்கு, பழகிய அரபு இளைஞர்கள் கொடுத்த பரிசுப்பொருளில் குண்டு இருந்தது. இஸ்ரேலின் எல் அல் விமானத்தின் சரக்கறையில் வெடித்தும் விமானம் பத்திரமாக இறங்கியது. நாவல் வந்து மூன்று வருஷம் கழித்து, 1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோவில் அதே கதை இன்னும் கொடூரமாக. நெஸார் ஹிந்தாவி என்ற ஜோர்டான்காரன், தன் குழந்தையை வயிற்றில் சுமந்த ஐரிஷ் காதலியிடம், கல்யாணத்துக்கு முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்று ஒரு பையைக் கொடுத்து டெல் அவிவ் விமானத்துக்கு அனுப்பினான். பையின் அடியில் வெடிமருந்து. ஹீத்ரோவின் சோதனையைத் தாண்டிவிட்டது. எல் அல் பாதுகாப்பு ஆட்கள் கேட்ட சாதாரணக் கேள்விகளில்தான் சிக்கியது. அவனுக்கு 45 வருஷம் தண்டனை. பிரிட்டன் சிரியாவோடு தூதரக உறவையே முறித்துக்கொண்டது.

கீதா அவர்கள் கேட்ட கேள்வி இந்தப் பக்கத்துக்கும் பொருந்தும் என்பதற்காகச் சொன்னேன். இரண்டு தரப்பும் ஒரே சரக்கைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கீதா, கோவை எழுதியது:

ஆமாம் சார். பான் குண்டிலும் அந்த வீட்டில் வேலை பார்த்த பெண்ணின் தோழி மூலமாகத்தானே சூட்கேஸ் உள்ளே வருகிறது. மிஷெல் பெண்களைச் சூட்கேஸ் தூக்க வைத்தான். குர்ட்ஸ் ஒரு பெண்ணையே சூட்கேஸ் ஆக்கினார்.

சும்மா சுந்தர் எழுதியது:

இதற்கு லைக் பட்டன் எங்கே? சரி, படம் இருக்கிறதாமே, அதைப் பார்த்துவிட்டால் போதாதா?

மலைக்கோட்டை ரவி எழுதியது:

1984இல் ஜார்ஜ் ராய் ஹில் எடுத்த படம் உண்டு. டயான் கீட்டன் சார்லி, அவளை அமெரிக்கப் பெண்ணாக மாற்றிவிட்டார்கள். கிளவுஸ் கின்ஸ்கி குர்ட்ஸாக வருவதற்காகப் பார்க்கலாம். 2018இல் கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக் ஆறு பகுதித் தொடராக எடுத்தார், ஃப்ளோரன்ஸ் பியூ சார்லி. அது நன்றாக இருக்கும். நிறம், உடை, அந்த 1979ஆம் வருஷத்துக் கட்டிடங்கள் எல்லாம் பிரமாதம். ஆனால் கடிதக் குழுவை நிதானமாகக் காட்ட அதில் நேரம் இல்லை.

தோழர் குமரன் எழுதியது:

முடிவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே ரவி அண்ணே. கலீல் குழுவைத் துடைத்தெடுத்த பிறகு என்ன நடக்கிறது? குர்ட்ஸ் இவ்வளவு பாடுபட்டதே, லெபனானுக்குள் ராணுவத்தை அனுப்பத் துடிக்கும் தன் ஊர்க் கடும்போக்காளர்களுக்கு வேறு வழி இருக்கிறது என்று காட்டத்தான். ஒரு ஊசியால் எடுத்துக் காட்டுகிறேன், கடப்பாரை வேண்டாம் என்கிறார். எடுத்தும் காட்டினார். ராணுவம் போகத்தான் செய்தது. நிஜத்தில் 1982 ஜூன் 3 அன்று லண்டனில் இஸ்ரேலியத் தூதர் ஆர்கோவைச் சுட்டார்கள். அதைச் செய்தது அராஃபத்துக்கே எதிரியான அபு நிடால் குழு. ஜூன் 6 அன்று படை லெபனானுக்குள் இறங்கியது. செப்டம்பரில் பெய்ரூட்டின் சப்ரா, ஷட்டிலா அகதி முகாம்களில் படுகொலை. சார்லிக்குச் சோறு போட்ட முகாம்களின் கதி நாவலின் கடைசிப் பக்கங்களில் இரண்டே பத்தியில் முடிந்துவிடுகிறது. அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதுதான் எனக்குக் கோபம் வரவைத்தது. அந்தக் கோபத்துக்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பழைய பேப்பர் எழுதியது:

அதைத்தான் பெல்ஃபாஸ்ட் அறிக்கையும் வேறு விதமாகக் கணக்குப் போடுகிறது. நுழைத்தது வெற்றி. எதற்கு நுழைத்தோம் என்பதற்குக் கணக்கு உதைக்கிறது.

சரி, அஸெஃபைப் பற்றி இங்கே அரைகுறையாகச் சொன்னது எனக்கே அரிக்கிறது. பூர்ட்செவ் அவனைப் பிடித்த விதம் தனிக் கதை. போலீஸ் துறையின் முன்னாள் இயக்குநர் ஒருவரை ரயிலில் மடக்கி, கொலோனிலிருந்து பெர்லின் போகும் வழியில் பேசிப் பேசியே உண்மையைக் கறந்தார். நாளைக்குத் தனி இழையாகப் போடுகிறேன், வாருங்கள்.

சும்மா சுந்தர் எழுதியது:

ரயில் என்றால் வருகிறேன். கடற்கரை வேண்டாம் சார்.